வெறிநாயின் தலையைச் சோதனைச்சாலைக்கு அனுப்பும் முறை

(சேத்தூர் வட்டாரத்துக் கிராமவாசிகளுக்கான பிரசங்கம்)



ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் ராஸ்தாவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்திருப்பது சேத்தூர். ஊருக்கு மேற்கே வயல்களும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் உள்ளன. அவற்றுக்கும் மேற்கே சாஸ்தா கோயில் அருவி விழும் காடு தொடங்குகிறது. இந்த மலைத்தொடரின் காடுகள் 2021ஆம் வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமாக ஏற்படுத்தப்பட்டன. மாமரத்தில் பிஞ்சு பிடித்த நாள் முதல் தோப்புக்குக் காவல் வேண்டும். காவலுக்கு நாய் வேண்டும். இந்தப் பிரதேசத்து நாயின் கீர்த்தி சாமான்யமானதன்று. 2005ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்தியத் தபால் இலாகா நாட்டு நாய்களின் சித்திரங்களோடு வெளியிட்ட நான்கு தபால் தலைகளுள் ஒன்று ராஜபாளையம் நாய்க்கு உரியதாயிற்று. ஆயினும் எவ்வளவு உயர்ந்த ஜாதி நாயானாலும், இராக்காலத்தில் தோப்பில் நரியையும் கீரியையும் எதிர்ப்படுவதையும், பகலில் தெருநாய்களோடு சேருவதையும் தடுத்தல் இயலாது. அந்த வழியாகவே வெறிநோய் வீட்டு வாசலுக்கு வந்து சேருகிறது.

வெறிநாய்க்கடியினால் மனிதனுக்கு உண்டாகும் ஜலபய வியாதியைப்பற்றிக் கிராமவாசிகள் அறியாதவர்களல்லர். குறி கண்டுவிட்டால் பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். குறி காண்பதற்கு முன், கடித்த உடனேயே, காயத்தைச் சோப்பும் ஓடும் ஜலமும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் சென்று முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கோ அநேகமாக அபாயமில்லை. உலகத்தில் வருஷந்தோறும் இந்நோயால் மாள்கிறவர்கள் சுமார் 59,000 பேர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளவர்கள், பெரும்பாலும் நாட்டுப்புறத்தார், குழந்தைகள் பலர்.

நாய் ஒருவரைக் கடித்தபின் செய்யவேண்டிய காரியங்கள் இரண்டு. கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் ஒன்று. நாய் இறந்துவிட்டால் அதன் மூளையைச் சோதனைச்சாலைக்கு அனுப்புதல் மற்றொன்று. முதலாவதைப்பற்றி ஆஸ்பத்திரிச் சுவர்களிலெல்லாம் எழுதியிருக்கிறது. இரண்டாவதைப்பற்றிக் கிராமத்தில் சொல்வார் இல்லை. ஆதலால், அறியாத கைகள் அதைச் செய்யப் புகுந்து, ஒரு கடியால் வந்த அபாயத்தைப் பத்துப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடுகின்றன. இந்தப் பிரசங்கத்தின் விஷயம் அதுவே.

சோதனையின் முடிவு வரும் வரையில் ஊசி போடாமல் காத்திருக்கலாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படியானால் சோதனை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடித்த நாய் ஒன்றானாலும், அது நக்கியவர்கள், அதற்குக் கஞ்சி ஊற்றியவர்கள், அது கடித்த பசு, அதனோடு சண்டையிட்ட நாய்கள் என்று அபாயத்துக்கு உட்பட்டோர் பலர். கடிபட்ட சிறுவன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான். விரற்புண்ணை நாய் நக்கிய பாட்டி வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். அது வெறிநாய்தான் என்று சோதனைச்சாலையிலிருந்து பதில் வந்தால்தான் அவள் தன் கையை நினைக்கிறாள். மனிதருக்குக் குறி காண்பதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் செல்வது சாதாரணமாகையால், அப்போதும் அவளைக் காப்பாற்ற அவகாசம் இருக்கிறது. மேலும், எந்தத் தெருவில் எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசி உடனே வேண்டும் என்பதைக் கால்நடை இலாகாவார் நிச்சயிப்பதற்கும் அந்தப் பதிலே ஆதாரம்.

முற்காலத்தில் தென்னாட்டார் இந்த வியாதிக்காகப் பட்ட பாடு சிறிதன்று. 1885ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் பாஸ்டர் என்னும் பண்டிதர் ஒன்பது வயதுச் சிறுவனொருவனுக்கு முதன்முதலில் ஊசி போட்டு வெற்றி கண்டார். 1900ஆம் வருஷத்தில் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் ஒரு பாஸ்டர் ஸ்தாபனம் ஏற்பட்டது. தென்னாட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவது எவ்வளவு தூரம் என்று சொல்லவேண்டியதில்லை. 1907ஆம் வருஷத்தில் நீலகிரியிலுள்ள குன்னூரில் தென்னிந்தியாவுக்கென்று ஒரு பாஸ்டர் ஸ்தாபனம் திறக்கப்பட்டபின், கடிபட்டவர்கள் மேட்டுப்பாளையம் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து மலைரயில் ஏறிக் குன்னூரில் பல நாள் தங்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு திரும்பினார்கள். 1911ஆம் வருஷத்தில் கசௌலியில் ஸெம்பிள் என்பவர் ஆட்டு மூளையிலிருந்து செய்யும் மருந்தைக் கண்டார். அதை ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பக்கூடியதாயிருந்தபடியால், நாளடைவில் பிரயாணம் குறைந்தது. அந்த மருந்தும் 2004ஆம் வருஷத்தோடு இந்தியாவில் நிறுத்தப்பட்டது. இப்போது ஸெல் வளர்ப்பு முறையில் செய்த மருந்தைக் கைப்புறத்தில் தோலுக்குள் போடுகிறார்கள். முதல் நாள் தொடங்கி, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்பது அதன் கணக்கு. காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றிலும் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தையும் போடவேண்டும்.

இவ்வாறு மனிதன் பிரயாணம் செய்யவேண்டிய அவசியம் நீங்கிற்று. மூளையின் பிரயாணம் நீங்கவில்லை. 1903ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து நெக்ரி என்பவர், வெறிகொண்ட மிருகத்தின் மூளையில் பூதக்கண்ணாடியால் காணத்தக்க சில உருண்டைகள் இருப்பதைக் கண்டு சொன்னார். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதுவே சோதனையாயிருந்தது. 1958ஆம் வருஷத்தில், ஒளிவீசும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை மூளைத் துணுக்கின்மேல் இட்டு, நோய்க்கிருமி உள்ள இடம் பச்சையாக ஒளிர்வதைக் காணும் முறை வெளிவந்தது. இன்றைக்கும் பிரதானமான சோதனை அதுவே. சில மணி நேரத்தில் முடிவு தெரியும். ஆனால் மூளை கெடாமல் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இனி, கிராமத்தில் நடப்பதைப் பார்க்கலாம். நாய் வெறிகொண்டு ஓடுகிறது. ஜனங்கள் தடி எடுத்துத் துரத்தித் தலையில் அடித்துக் கொல்கிறார்கள். அந்த ஒரு செய்கையால் மூன்று கெடுதிகள் விளைகின்றன. அடிக்கச் சென்றவன் கடிபடுகிறான். மண்டை உடைந்து மூளையும் இரத்தமும் நாலு பேர் முகத்தில் தெறிக்கின்றன. சோதனைக்கு வேண்டிய மூளை மண்ணோடு கலந்து பாழாகிறது. 2023ஆம் வருஷத்து விதிகளின்படியும் வெறிநோய் என்று சந்தேகிக்கப்படும் நாயைத் தனியே அடைத்து வைக்கவேண்டுமேயன்றி அடித்துக் கொல்லலாகாது. அதை அடைக்கவும் கிராமத்தார் கைநீட்ட வேண்டாம். கதவுள்ள இடத்தில் அது நுழைந்தால் வெளியிலிருந்து சாத்திவிட்டுக் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புவதே உசிதம். மெய்யாகவே வெறிநோயானால் சில நாட்களுக்குள் அது தானே இறந்துவிடும். கடித்த நாள் முதல் பத்து நாள் வரையில் நாய் சௌக்கியமாயிருந்தாலோ, கடித்த சமயத்தில் அதன் உமிழ்நீரில் நோய் இருந்ததில்லை என்று நிச்சயிக்கலாம். ஆகவே உயிரோடுள்ள நாய் தானே ஒரு சாட்சி. அதைக் கொன்று சாட்சியத்தை அழித்தல் புத்தியன்று.

நாய் இறந்தபின் கிராமத்தார் செய்யத்தக்கது சொற்பம். அந்தச் சொற்பத்தைத் தாண்டாமலிருத்தலே பெரிய காரியம். பிரேதத்தை வெறுங்கையால் தொடக்கூடாது. சேத்தூர்ப் பக்கத்து வெயிலில் ஒரு பகலுக்குள் மூளை குழம்பிவிடும். ஆகையால் நீண்ட பிடியுள்ள மண்வெட்டியால் தள்ளி நிழலுக்குக் கொண்டுவந்து, தடித்த பிளாஸ்டிக் தாளால் மூடி, தலைப்பக்கத்தில் பையிலிட்ட ஐஸ்கட்டிகளை அடுக்கி, குழந்தைகளும் காக்கைகளும் மற்ற நாய்களும் அண்டாதபடி ஒருவரைக் காவல் வைக்கவேண்டும். வீட்டில் பாலும் குழம்பும் வைக்கிற குளிர்சாதனப் பெட்டியில் இதை வைத்தல் ஒருபோதும் ஆகாது. மண்வெட்டியைப் பின்னர்ச் சோப்பு ஜலத்தாலும் பிளீச்சிங் பவுடர் கரைத்த ஜலத்தாலும் கழுவி வெயிலில் வைக்கவேண்டும். இக்கிருமி கொழுப்புறை உடையதாகையால் சோப்புக்கு அஞ்சும். வெயிலும் கொதியும் அதற்கு யமன். இருட்டும் குளிர்ச்சியும் ஈரமும் அதைக் காப்பாற்றும். மாதிரி கெடாமலிருப்பதற்காக நாம் கையாளும் குளிர்ச்சியே கிருமியின் உயிரையும் நீட்டிக்கிறது. பார்சலைத் திறக்கும் வரையில் அபாயம் உள்ளேயே இருக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

தலையை எடுக்கும் வேலை, முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டிருக்கும் கால்நடை டாக்டருக்கும் அவர் சிப்பந்திகளுக்கும் உரியது. வெட்டுகிறவன் கைதேர்ந்தவன் என்ற காரணத்தால் கசாப்புக்காரனை அழைத்தல் தவறு. கழுத்தும் தலையும் சேரும் முதல் எலும்புப் பொருத்தில், கத்தியால் மெதுவாகப் பிரித்தெடுக்க வேண்டும். கோடரியும் ரம்பமும் துளிகளைக் காற்றில் தூவும். தடித்த ரப்பர் உறை, கண்ணாடி, முகக்கவசம், மேலங்கி ஆகியவை இல்லாமல் இதைத் தொடங்கலாகாது. மேல்தோலில் பட்டால் நோய் ஏறாது. ஆனால் கண், வாய், மூக்கு, நகக்கண்ணிலுள்ள சிறு கீறல் இவை யாவும் வாசல்கள். 1970க்குப் பிந்திய வருஷங்களில் அமெரிக்காவில், நாய் கடியாமலேயே, சோதனைச்சாலையில் கிருமிகலந்த காற்றைச் சுவாசித்ததால் நோய் கண்டவர்கள் உண்டு.

மண்டையை உடையாமலே மூளையை எடுக்கும் ஓர் எளிய முறையும் வழக்கத்தில் இருக்கிறது. தலையைப் பிரித்தபின், மண்டையின் பின்புறத்தில் தண்டுவடம் நுழையும் துவாரம் தெரியும். இளநீர் குடிக்கும் குழல் போன்ற பிளாஸ்டிக் குழலொன்றை அத்துவாரத்தில் செலுத்தி, கண்ணை நோக்கித் திருகிக்கொண்டு உள்ளே தள்ளினால், மூளைத்தண்டும் சிறுமூளையும் அதனுள் ஏறும். சோதனைக்கு அவசியமான பாகங்கள் அவ்விரண்டுமே. குழலை வாயால் உறிஞ்சவோ ஊதவோ கூடாது என்று சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சோதனைச்சாலைகளில் குழாய்களை வாயால் உறிஞ்சும் வழக்கம் நெடுங்காலம் இருந்துதான் வந்தது. இம்முறையால், பெரிய தலைக்குப் பதிலாகக் கட்டைவிரல் அளவுள்ள ஒரு புட்டியை அனுப்பினால் போதும்.

ஐஸ் கிடைக்காத இடத்தில் மூளைத் துண்டைச் சரிபாதி கிளிசரின் கலந்த உப்புநீரில் இட்டு அனுப்பலாம். கிளிசரின் அழுகலைத் தடுக்குமேயன்றிக் கிருமியை உடனே கொல்லாது. ஆகவே அந்தப் புட்டியும் அபாயகரமானதே. பார்மலினில் இட்டால் கிருமி மாளும். ஆனால் வழக்கமான ஒளிச்சோதனைக்கு அத்துண்டு ஏற்றதன்று. எந்தத் திரவம் என்பதைச் சோதனைச்சாலையாரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும்.

பார்சல் கட்டுவதில் இப்பக்கத்தாருக்குப் பழக்கம் உண்டு. கூடையில் வைக்கோலைப் பரப்பி மாம்பழத்தை அடுக்கி, காற்றுப் போகும்படி மேலே தைத்து அனுப்புகிறார்கள். இந்தப் பார்சலுக்கு அந்த முறை நேர் விரோதமானது. மாம்பழக் கூடையில் பழத்தை வழியிலுள்ள கைகளிடமிருந்து காப்பாற்றுகிறோம். இதில் வழியிலுள்ள கைகளைச் சரக்கினிடமிருந்து காப்பாற்ற வேண்டும். பாரம் ஏற்றுகிறவனும் இறக்குகிறவனும் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவனும் உள்ளே இருப்பது இன்னதென்று அறியார்கள்.

உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை மூன்று உறை முறையாகும். மூளையை இட்ட திருகுமூடிப் புட்டி முதல் உறை. மூடியைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டவேண்டும். அதைப் பஞ்சில் சுற்றி, கசியாத மூடியுள்ள இரண்டாவது டப்பாவில் வைக்கவேண்டும். புட்டி உடைந்தால் உள்ளிருக்கும் திரவம் முழுவதையும் உறிஞ்சும் அளவுக்குப் பஞ்சு இருக்கவேண்டும். ஒரு பிடி வைத்துக் கணக்குத் தீர்த்தல் போதாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்து நாடெங்கும் அனுப்புகிற இவ்வட்டாரத்தில் பஞ்சுக்கும் துணிக்கும் பஞ்சமில்லை. அந்த டப்பாவைச் சுற்றி ஐஸ் பைகளை அடுக்கி, எல்லாவற்றையும் கெட்டியான வெளிப்பெட்டியில் வைப்பது மூன்றாவது உறை. ஐஸ் இரண்டாவது டப்பாவுக்கு வெளியே இருக்கவேண்டும். உருகின ஜலம் வெளியே ஒழுகாதபடி பெட்டி இருக்கவேண்டும். ஐஸ் உருகியபின் டப்பா உள்ளே உருளாதபடி முட்டுக் கொடுக்கவேண்டும். கட்டிய பார்சல் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஏறக்குறைய ஓர் ஆளின் மார்பளவிலிருந்து, விழுந்தாலும் உள்ளே கசியலாகாது என்பது விதி. உலர்ந்த ஐஸ் என்னும் கரிவாயுக் கட்டியை உபயோகித்தால் மட்டும் வெளிப்பெட்டியில் வாயு போக வழி வைக்கவேண்டும். இல்லாவிடில் பெட்டி வெடிக்கும்.

முழுத் தலையையே அனுப்ப நேர்ந்தால், பற்களும் எலும்பு முனைகளும் பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிடும். முதலில் துணியைப் பல சுற்றுச் சுற்றி, ஒன்றுள் ஒன்றாக இரண்டு தடித்த பைகளில் இட்டுக் கட்டி, மூடி பொருந்திய தகர டப்பாவில் வைத்து, அதன்பின் மேற்சொன்னபடி ஐஸும் வெளிப்பெட்டியும். சாக்கில் கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டு, வழியெல்லாம் இரத்தம் சொட்டக் கொண்டுபோவதைச் சிக்கனம் என்று நினைக்கிறவர்கள் அந்த ராஸ்தாவில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தைகளை நினைத்துப் பார்க்கவேண்டும்.

வெளிப்பெட்டியின்மேல் சாய்சதுரச் சீட்டில் ஐ.நா. 3373 என்ற இலக்கமும், அதனடியில் நோய்ச்சோதனைக்குரிய உயிர்ப்பொருள் என்ற விவரமும், அனுப்புகிறவர், பெறுகிறவர் இருவருடைய விலாசமும் டெலிபோன் இலக்கமும் இருக்கவேண்டும். நாய் எந்தக் கிராமத்தது, தடுப்பூசி போட்டதுண்டா, எத்தனை பேரை எந்தத் தேதியில் கடித்தது, என்று இறந்தது என்ற விவரங்களை எழுதிய கடிதத்தை உள் டப்பாவுக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே தனி உறையில் வைக்கவேண்டும். இரத்தம் பட்டு நனைந்த கடிதத்தை யாரும் வாசிக்கமாட்டார்கள், வாசிக்கவும் கூடாது. அனுப்புகிற நாளையும் பார்க்கவேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் புறப்பட்ட பார்சல், ஞாயிறு முழுதும் ஐஸ் உருகி, பூட்டிய கதவுக்கு முன்னால் காத்துக்கிடக்கும். முன்னரே டெலிபோனில் அறிவித்து, இலாகா வண்டியில் ஆள்மூலம் அனுப்புவதே சிலாக்கியம். பஸ்ஸில் ஆசனத்தின் கீழ் ஒளித்து அனுப்புவது பிரயாணிகளுக்குச் செய்யும் துரோகம். விமானத்திலோ, இத்தகைய பொருளைப் பிரயாணிகளின் கைப்பையிலும் மூட்டையிலும் கொண்டுபோக அனுமதியே இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. நாயின் தலையை எடுக்கலாம் என்று கேட்டவர், திடீரென்று மாண்ட மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதையே செய்யத் துணியலாகாது. நேற்றுவரை மேய்ந்த மாடு இன்று மாண்டு, வயிறு உப்பி, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் கசிந்தால் அது அடைப்பான் என்று சந்தேகிக்க வேண்டும். அந்தப் பிரேதத்தில் கத்தியே வைக்கலாகாது. காற்றுப் பட்டதும் அடைப்பான் கிருமி கடினமான வித்துக்களாக மாறி, மண்ணில் பல பத்தாண்டு கிடந்தும் சாகாமல், பின்னர் மேயவரும் கால்நடையைக் கொல்லும். கால்நடை டாக்டர் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி அனுப்புவார். அதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. தோலை உரித்து விற்க ஆசைப்பட்டவர்களின் கையில் கரும்புண் எழுந்ததுண்டு.

தலையைக் கொடுக்க மறுக்கும் எஜமானர்களும் உண்டு. பல வருஷம் தோப்பைக் காத்த நாயின் கழுத்தில் கத்தி வைக்க மனம் ஒப்பவில்லை என்பார்கள். தன் நாய் வெறிநாய் என்று ஊரார் சொல்லும்படி ஆகுமே என்ற கூச்சமும் உண்டு. இரவோடு இரவாகத் தென்னையடியில் புதைத்துவிட்டு, நாய் ஓடிப்போயிற்று என்று சொல்வார்கள். அந்த மனவருத்தம் மதிக்கத்தக்கதே. ஆனால் அந்த நாயோடு புழங்கிய மனிதர்கள் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். தலையை எடுத்தபின் மிஞ்சிய உடலை ஆழக் குழிதோண்டிப் புதைக்கவோ எரிக்கவோ அவர்களே முன்னின்று செய்விக்கலாம்; அதற்குத் தடையில்லை.

சோதனைச்சாலையிலிருந்து வரும் பதிலை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். நோய் உண்டு என்று வந்தால் அது நிச்சயம். மூளை சற்று அழுகியிருந்தாலும் அந்த முடிவு மாறாது. நோய் இல்லை என்று வந்தாலோ, மூளை கெடாமல் சேர்ந்ததா என்பதைப் பார்க்கவேண்டும். அழுகின மூளையில் நோய் காணப்படவில்லை என்பது நோய் இல்லை என்பதாகாது. எனவே, அப்போது ஊசியை நிறுத்தலாமா என்பதை டாக்டரே சொல்லவேண்டும். கடிபட்டவரின் தகப்பனாரோ அடுத்த வீட்டுக்காரரோ அல்ல. நோய் உண்டு என்ற பதில் வந்தவுடன் கால்நடை டாக்டரும் சுகாதாரச் சிப்பந்திகளும் தெருத்தெருவாக வந்து, நாய் நக்கினவர்கள் யார், அதன் வாயில் கை வைத்து மருந்து கொடுத்தவர் யார், எந்தப் பசுவைக் கடித்தது என்று கேட்பார்கள். அப்போது ஒன்றையும் மறைக்காமல் சொல்வதற்காக, கடித்த அன்றே ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு வாரம் சென்றால் ஞாபகம் தப்பும்.

உதாரணமாக, ஒரு திங்கட்கிழமை காலையில் தேவதானம் ராஸ்தாவில் ஒரு சிறுவனை நாய் கடித்து, மறுநாள் அந்நாய் இறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். திங்களன்றே சிறுவனுக்கு முதல் ஊசி. செவ்வாயன்று பகலில் கால்நடை டாக்டர் மூளையை எடுத்து, மாலையில் பார்சல் புறப்படுகிறது. புதனன்று அது சேர்ந்து, வியாழனன்று பதில் எதிர்பார்க்கலாம். அந்த வியாழக்கிழமை, பதில் வந்தாலும் வராவிட்டாலும், அச்சிறுவன் இரண்டாவது ஊசிக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.